எட்டாவது படகில் ஒன்பதாவது ஆள்

சால்ட்டர்ஸ் கோவ் என்கிற அந்தக் கடற்கரை ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, இங்கிலாந்து ராஜாவின் சுங்கக் கப்பலைக் கொளுத்துவார்கள். ஒட்டுப்பலகையாலும் அட்டையாலும் செய்த கப்பல்தான் என்றாலும் கொளுத்துகிற ஆவேசத்தில் ஒரு குறையும் இருக்காது, ஏனென்றால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அசல் கப்பலைக் கொளுத்தியவர்களின் வாரிசுகள்தான் இன்றைக்கும் துடுப்புப் போட்டுக்கொண்டு போய்த் தீ வைப்பார்கள். எட்டுப் படகு, படகுக்கு எட்டுப் பேர், ஆக அறுபத்து நாலு பேர். ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போதுகூட ‘நான் மூன்றாம் படகு’, ‘நாங்கள் ஐந்தாம் படகு’ என்று சொல்லிக்கொள்கிற ஜனங்கள் அவர்கள்.

ரோட் ஐலண்டு என்கிற மாநிலமே அப்படித்தான். நிலத்தை மட்டும் அளந்தால் நம் கடலூர் மாவட்டத்தைவிடச் சின்னது, வாய் மட்டும் பெரிசு. ராஜாவை முதலில் உதறியது நாங்கள் என்பார்கள்; உண்மைதான். பதின்மூன்று மாநிலங்களில் நாட்டின் அரசியல் சட்டத்துக்குக் கடைசியாகத் தலையாட்டியதும் அவர்கள்தான், அதையும் ஒரு பெருமையாகத்தான் சொல்வார்கள். ரம் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த அமெரிக்கக் கப்பல்களில் பாதிக்குமேல் கிளம்பியது இந்தக் கையகல மாநிலத்திலிருந்து என்பதை மட்டும் யாராவது கேட்டால்தான் சொல்வார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். மாநிலத்தின் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிளான்டேஷன்ஸ்’ என்ற சொல்லை, அடிமைத் தோட்டங்களை ஞாபகப்படுத்துகிறது என்று, சில வருஷத்துக்கு முன்னால் ஓட்டுப் போட்டு அறுத்து எறிந்துவிட்டு, அப்பாடா என்று எல்லாரும் தங்கள் மாநிலப் பானமான காப்பிப் பால் குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த வருஷம் எட்டாவது படகில் ஒரு பரம்பரை ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. விழாக் கமிட்டித் தலைவி டோரதி ஹாலோவே அம்மாள், எழுபத்தெட்டு வயசு, முதல் படகின் கேப்டனுக்கு ஏழாம் தலைமுறை, ஊரைச் சுற்றிக் கண்ணை ஓட்டிவிட்டு, பாலங்களைத் தட்டிப் பார்த்துச் சான்று கொடுக்கும் பொறியாளர் அறவாழியைக் கூப்பிட்டனுப்பினார். “நீங்களும் இந்த ஊர்தானே” என்றார். முப்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்தவன் அறவாழி. மனைவி தமயந்தியிடம் அதை மூன்று தடவை சொல்லிக் காட்டினான். ஆகஸ்டில் மகள் எழிலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தமிழ்ச் சங்கத் தலைவர் டாக்டர் குலசேகரனின் பையன் நிதின். சம்பந்தி வீட்டார் கரையில் நின்று பார்க்க, தான் படகில் போவதை நினைத்து நினைத்து மனுஷன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

போனார்கள், கொளுத்தினார்கள், கப்பல் நன்றாக எரிந்தது. திரும்பி வரும்போது துடுப்பு லேசாக இருந்தது. காற்று தள்ளுகிறது என்று அறவாழி நினைத்துக்கொண்டான். கரையில் டோரதி அம்மாள் கையில் பட்டியலோடு தலை எண்ணினார். அறுபத்தைந்து வந்தது. மறுபடி எண்ணினார், மறுபடியும் அறுபத்தைந்து. எட்டாவது படகில் போனது எட்டுப் பேர், வந்தது ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் அறவாழிக்குப் பக்கத்தில், அதே துடுப்பில் இன்னொரு பிடி பிடித்தபடி, இடுப்பில் முழத் துணியும் தோளில் நைந்த துண்டுமாக, சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். கறுத்து, ஒடிசலாக, நாற்பது வயசு சொல்லலாம்.

“பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே” என்றார் டோரதி அம்மாள். “பரவாயில்லை. சட்டை என்ன அளவு?”

விடுதலை என்று நெஞ்சில் அச்சடித்த நீலச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்ற வெள்ளை முகங்களையெல்லாம் தாண்டி நேராக அறவாழியைப் பார்த்து, “தம்பி, தண்ணி இருக்கா?” என்றார்.

தமிழ்தான். அதுவும் பரங்கிப்பேட்டைக்கு மேற்கே, வெள்ளாற்றங்கரைத் தமிழ். அறவாழி பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அவர் ஒரே மூச்சில் குடித்தார், இன்னொரு பாட்டில் கேட்டார், அதையும் குடித்தார், இப்படி ஏழு பாட்டில் ஆன பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எம் பேரு காத்தான். இந்தக் கடலுக்குள்ள கெடக்கறேன், எத்தினி வருசம்னு தெரியல. எங்க வூட்டுல எவனாவது ஒருத்தன் தண்ணி குடிக்கறதுக்கு முந்தி மொதக் கை தண்ணியத் தரையில ஊத்துவான். கப்பலேறிப் போன பாட்டனுக்குன்னு சொல்லி ஊத்துவான். அது எனக்கு வந்துரும், எங்க இருந்தாலும். அப்பன் ஊத்துனான், மவன் ஊத்துனான், ஒருத்தன் மாத்தி ஒருத்தன் ஊத்திக்கிட்டே இருந்தான். இப்ப ஒரு முப்பது வருசமா வரல. வமுசமே அத்துப்போச்சோ என்னமோன்னு பாக்கத்தான் எந்திரிச்சு வந்தேன். நீ யாரு வூட்டுப் புள்ள?”

அறவாழி காலிப் பாட்டில்களைப் பொறுக்கினான். “அப்புறம் பேசலாங்க” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

ஊற்றியது அவன் அப்பா. அதற்கு முன்னால் அவன் தாத்தா. வயலில் நின்று கஞ்சிக் கலயத்தைத் தூக்கும்போதும், கல்யாணப் பந்தியில் உட்காரும்போதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக ஒரு மிடறு கேட்டபோதும்கூட, முதல் கை தரைக்கு. அப்பா செத்த வருஷம்தான் அறவாழி அமெரிக்கா வந்தான். வந்த முதல் மாசம் குலசேகரன் வீட்டுக்கு விருந்துக்குப் போனவன், தோட்டத்து மேசையில் உட்கார்ந்து டம்ளரை எடுத்ததும் பழக்கதோஷத்தில் ஒரு கை புல்லில் சாய்த்தான். “அட, இது எந்த ஊர்ப் பழக்கம்?” என்று குலசேகரன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். “ஊர்ல எந்தப் பக்கம் நீங்க?” நம் ஆட்களிடம் அந்தக் கேள்விக்கு ஒரு சிரிப்பு உண்டு, ரொம்ப இனிமையான சிரிப்பு, ஊரைக் கேட்பது போல இருக்கும், உள்ளே வேறொன்றைத் துழாவிக்கொண்டிருக்கும். “தஞ்சாவூருங்க, டவுனுக்குள்ளயே” என்றான் அறவாழி. “தண்ணி கை தவறிடுச்சு.” அன்றைக்கு விட்டதுதான். பிறகு தமயந்தி வந்தாள், அவளும் அதே வாய்க்கால் கரைப் பெண்தான். இருவரும் உட்கார்ந்து பேசி, தஞ்சாவூரில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு வாசல் வைத்து, முருங்கை மரம் நட்டு, எழிலிக்கும் அதையே சொல்லி வளர்த்தார்கள். பெண் இன்றைக்கும் அந்த முருங்கை மரத்தைப் பற்றிக் கேட்பாள்.

இனி ஊர் காத்தானை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேளுங்கள். கடலுக்குள் இருநூற்றைம்பது வருஷம் கிடந்தவர் எழுந்து வந்தாரே என்று ஒருத்தரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. தீயணைப்பு நிலையத்து மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். நூலகம் உறுப்பினர் அட்டை கொடுத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் படுத்து எழுந்த படுக்கையில் தினமும் ஒரு படி உப்பு சேர்ந்தது; தீயணைப்புக்காரர்கள் அதைக் கூட்டி வாளியில் அள்ளி, பனிக்காலத்தில் சாலையில் தூவ ஆகும் என்று மூலையில் வைத்தார்கள். காப்பிப் பால் அவருக்குப் பிடித்துப்போயிற்று. சிப்பிக்குள் ரொட்டித் தூளை அடைத்துச் சுட்டுக் கொடுத்தபோது மட்டும், “இதத்தானுங்க எங்களுக்கு அப்பவும் போட்டாங்க” என்று சொல்லித் தள்ளிவைத்தார்.

அவர் கதையை அறவாழிதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, வேறு யாருக்கு அந்தப் பேச்சு புரியும்? பஞ்சகாலத்தில் பண்ணைக்காரர் ஆறு மரக்கால் நெல்லுக்கு அவரைத் துறைமுகத்துத் துரைக்குத் தந்தது, பெண்டாட்டியும் கைப்பிள்ளையும் கரையில் நின்றது, சென்னப்பட்டணம் போனது, லண்டன் போனது, கடைசியில் இந்த ஊர்க் கேப்டன் ஹாலோவே வீட்டில் விறகு பிளந்தது. கப்பலைக் கொளுத்தப் போன அன்றைக்குக் கேப்டனின் துடுப்பைப் போட்டதே காத்தான்தான். கேப்டன் கைகட்டி நின்றுகொண்டு வழி நெடுக விடுதலை, விடுதலை என்று பேசிக்கொண்டு வந்தார்.

“அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்னு பக்கத்துல துடுப்புப் போட்ட ஆளக் கேட்டேன்” என்றார் காத்தான். “அவரு ஆப்பிரிக்காக்காரரு, எனக்கு முந்தி வந்தவரு. இனிமே யாருக்கும் யாரும் எசமான் இல்லன்னாரு. நமக்குந்தான் சொல்றாங்கன்னு நெனச்சு நெஞ்சு வலிக்க வலிக்க வலிச்சேன். ஐப்பசி மாசம் என்னிய தெற்க வித்துட்டாங்க. கப்பல் இந்த மொகத்துவாரம் தாண்டறப்ப குதிச்சேன்.”

இதைக் கேட்டு ஊர் வெட்கப்பட்டது. இல்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே பட்டது. மூன்று நாளைக்கு ரொட்டிக் கடையில் யாரும் தன் படகு எண்ணைச் சொல்லவில்லை. அப்புறம் கமிட்டி கூடி, அருங்காட்சியகத்துப் பலகையில் ‘பணியாளர் ஒருவரும் ஆர்வத்துடன் பங்கேற்றார்’ என்று ஒரு வரி சேர்த்தது. விற்றார்கள் என்று எப்படிப் போடுவது, ‘பின்னர் வெளியூர் சென்றார்’ என்று போட்டார்கள். “எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி” என்று டோரதி அம்மாள் காத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அறவாழி அதையும் மொழிபெயர்த்தான். காத்தான் அந்த அம்மாளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “மூக்கு அப்படியே இருக்கு” என்றார்.

வெள்ளைக்காரர் வெட்கத்தை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேனே, நம் வெட்கத்தைச் சொல்ல வேண்டாமா?

தமிழ்ச் சங்கம் குதித்தது. அமெரிக்க மண்ணை மிதித்த முதல் தமிழர், விடுதலைக்குத் துடுப்புப் போட்ட மாவீரர், சிலை, அஞ்சல்தலை, ஊர்வலம்! ‘உயர்திரு காத்தான் அவர்கள்’ என்று அழைப்பிதழ் அச்சாகியது. ‘கடல் கொண்ட காவலர்’ என்று பட்டம் தயார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் குலசேகரன் வீட்டுத் தோட்டத்தில் நாற்பது குடும்பமும் கூடியது. ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் காத்தான், நீலச் சட்டையும் தோளில் துண்டுமாக, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழிலி அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரை ஏனோ ரொம்பப் பிடித்துவிட்டது.

குலசேகரன் அந்தச் சிரிப்போடு வந்தார். “ஐயாவுக்கு ஊர் பரங்கிப்பேட்டைப் பக்கம்னாங்க. எங்க அம்மா வழியும் அந்தப் பக்கந்தான். அங்க எந்தத் தெரு?”

“தெருவா?” காத்தான் ஒரு வாய் மென்றுகொண்டே சொன்னார். “நாங்க தெருவுல இல்லீங்களே. வாய்க்காலுக்கு அந்தாண்ட.”

அவ்வளவுதான். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். தோட்டத்தில் நாற்பது குடும்பத்தின் கரண்டியும் ஒரு கணம் நின்று, பிறகு கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. “நாங்கல்லாம் அதெல்லாம் பாக்கறதே இல்ல” என்று யாரோ, யாரும் கேட்காமலேயே சொன்னார்கள். குலசேகரன் சிரிப்பு மாறாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அறவாழி வாசல் பக்கம் நகரப் பார்த்தான், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வந்தது. காத்தான் தட்டிலிருந்து நிமிர்ந்து, கூட்டத்துக்கு நடுவில் அவனைத் தேடிப் பிடித்து, வாய் நிறையச் சிரித்தார். “தம்பி, அன்னிக்கி கேட்டேன், நீ சொல்லல. அந்தக் காது மடல் எங்கப்பனுக்கு இருந்தாப்புலயே இருக்கு ஒனக்கு. யாரு வூட்டுப் புள்ள நீ? வெள்ளாத்தங்கரையா?”

குலசேகரன் திரும்பி அவனைப் பார்த்தார். நிதின் பார்த்தான். எழிலி கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள், சும்மா ஒரு சுவாரஸ்யத்தில். தமயந்தி கையில் வைத்திருந்த பாயசக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

“இல்லீங்க” என்றான் அறவாழி. “நான் தஞ்சாவூரு. டவுனுக்குள்ளயே. நாங்க வேற.”

அந்த ‘நாங்க வேற’ யாரும் கேட்காதது. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், பாவி.

காத்தான் தட்டைக் கீழே வைத்தார். கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். நாற்காலியை விட்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு எட்டுப் பின்னால் போய், முதுகைக் கொஞ்சம் வளைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

“தெரியாம கேட்டுட்டேன் ஆண்டே” என்றார்.

ஆண்டே. அறவாழியின் தாத்தா பண்ணைக்காரரை அப்படித்தான் கூப்பிட்டார். இதேபோலத் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, இதேபோல வளைந்து. அதைப் பார்த்துப் பார்த்து வெறி பிடித்துத்தான் அவன் அப்பா அவனை அடித்து அடித்துப் படிக்கவைத்தார். ஏழு கடல் தாண்டி வந்து கடைசியில் அந்த வார்த்தையைத் தன் பாட்டன் வாயாலேயே தனக்கு வாங்கிக்கொண்டான், கெட்டிக்காரன்.

“உட்காருங்க, உட்காருங்க” என்றான்.

“இருக்கட்டும் ஆண்டே.”

அதற்குப் பிறகு அவர் அவன் எதிரில் உட்காரவே இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போனால் எழுந்து நிற்பார். தெருவில் கார் வருவதைப் பார்த்தால் நடைபாதையை விட்டு இறங்கி நிற்பார். ரொட்டிக் கடையில் அவனைக் கண்டதும் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் போவார். மற்றவர்களுக்கு அது வினோதமாகக்கூடத் தெரியவில்லை, ‘உங்கள் ஊர் மரியாதை எவ்வளவு அழகு’ என்றார்கள். அறவாழி வேலையில் பாலத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு இரும்பைத் தட்டிப் பார்க்கும்போது வாய்விட்டு அழுதான். தமயந்தியிடம் சொன்னான். “சொல்லிடலாமா?” என்றான். அவள் கல்யாணப் பத்திரிகைக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். “பத்திரிகை அடிச்சாச்சு” என்றாள். “எழிலிய நெனச்சுப் பாருங்க. நமக்காக வேணாம், அவளுக்காக.” சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

சங்கத்திலும் மெல்ல மெல்லக் காற்று மாறியது. மண்டபம் கிடைக்கவில்லை என்றார்கள். முதல் தமிழர் என்பதற்கு ஆவணம் வேண்டும் என்றார்கள். உயர்திரு காத்தான் அவர்கள் என்பது காத்தான் ஆகி, அந்த ஆள் ஆகி, ஜூலை பிறப்பதற்குள் பேச்சிலிருந்தே போய்விட்டது.

மிச்சம் இருந்தது கல். ஊர்ச் சதுக்கத்தில் படகோட்டிகள் கல் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறுவதற்கு ஒரு வழக்கம், நூற்றைம்பது வருஷமாக மாறாதது. சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். படித்ததும் அந்தப் பெயரின் வழியில் வந்த ஒருவர் எழுந்து நின்று, ‘எங்கள் வீட்டு ஆள்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் நிற்கும். முரசு மூன்று அடி அடித்து முடிவதற்குள் யாரும் எழுந்திருக்கவில்லையென்றால் அந்தப் பெயரைக் கல்லில் சிமெண்டு வைத்து மூடிவிடுவார்கள். புதுப் பெயரானால் செதுக்கவே மாட்டார்கள். அந்த வருஷப் பட்டியலில் அறுபத்தைந்தாவதாகக் காத்தான் பெயரைச் சேர்த்திருந்தார் டோரதி அம்மாள். வெட்கம் அவரை அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தது.

“கல்லுல பேரு ஏறிட்டா நான் போயிருவேன்” என்று காத்தான் எழிலியிடம் சொல்லியிருந்தார். “வமுசம் இருக்குன்னு ஆயிரும்ல. ஒருத்தன் எந்திரிச்சுச் சொன்னா போதும்.” எழிலி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லி, “யாராவது எந்திரிப்பாங்களா அப்பா?” என்று கேட்டாள். அறவாழி டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஜூலை நாலு. சுள்ளென்று வெயில். சதுக்கம் நிறையக் கூட்டம். சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தார்கள், அழைப்பு வந்துவிட்டதே, வராமல் இருக்க முடியுமா? முன் வரிசையில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, காத்தான் மட்டும் நின்றுகொண்டிருந்தார், ஏனென்றால் பின் வரிசையில் அறவாழி இருந்தான். ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். எங்கள் வீட்டு ஆள், எங்கள் வீட்டு ஆள் என்று கிழவர்களும் குமரிகளும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள், பத்து மாசக் குழந்தை ஒன்றைத் தூக்கி நிறுத்தி அதன் சார்பில் அம்மா சொன்னாள், கூட்டம் சிரித்தது. அறுபத்து நாலும் முடிந்தது.

“காத்தான்” என்று படித்தார் டோரதி அம்மாள். படித்துவிட்டு நிமிராமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் ஒருவர் மாதிரி என்றவர், அவரும் எழுந்திருக்கவில்லை.

முரசு ஒரு அடி விழுந்தது. காத்தான் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார், அறவாழி இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. இரண்டாவது அடி. அறவாழியின் முழங்கைமேல் தமயந்தியின் கை இருந்தது, அழுத்துகிறாளா தூக்கிவிடுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாவது அடிக்குக் கோல் உயர்ந்தபோது அவன் எழுந்து நின்றான். எப்படி எழுந்தான் என்று கேட்காதீர்கள், அவனுக்கே தெரியாது.

“எங்கள் வீட்டு ஆள்” என்றான் ஆங்கிலத்தில். அப்புறம் தமிழில், தொண்டை கிழிய: “எங்க பாட்டன்யா அவரு! எங்க வூட்டு ஆளு!”

சதுக்கம் அப்படியே நின்றது. டோரதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. “அறவாழி, எவ்வளவு பெரிய மனது உங்களுக்கு” என்றார். “நாங்கள் இதை மறக்க மாட்டோம். ஆனால் வழக்கப்படி ரத்த வழியில் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். படகில் ஏறப் பெயர் பதிந்தபோதே உங்கள் ஊர் தஞ்சாவூர் என்று நீங்களே எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.” குலசேகரன் எழுந்து நின்று கைதட்டினார். “இதுதான் தமிழன்! யாரோ ஒருத்தனுக்காக, சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல, பாருங்க இந்த மனசை!” நாற்பது குடும்பமும் தட்டியது.

“இல்ல, நெசமாவே...” என்று ஆரம்பித்தான் அறவாழி.

அப்போதுதான் காத்தான் திரும்பினார். முதல் தடவையாக நிமிர்ந்து, அவன் முகத்தை, காது மடலை, பக்கத்தில் நின்ற எழிலியை, எழிலியின் கையைப் பிடித்திருந்த நிதினை, எல்லாரையும் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இவரு எங்காளு இல்லீங்க” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “இவரு தஞ்சாவூரு, டவுனுக்குள்ள. எம்மேல எரக்கப்பட்டுச் சொல்றாரு. எங்க வமுசம் அத்துப்போச்சுங்க.”

குலசேகரன்தான் அதை ஆங்கிலத்தில் ஊருக்குச் சொன்னார். மூன்றாவது அடி விழுந்தது.

இன்னொரு தடவை கத்தியிருக்கலாம். ‘பொய் சொல்றாரு, எனக்காகப் பொய் சொல்றாரு’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு மேடைக்கு ஓடியிருக்கலாம். அறவாழிக்குக் கால் இருந்தது, வாய் இருந்தது, அப்பா பெல்ட்டால் அடித்துக் கொடுத்த படிப்பு இருந்தது. அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த கணத்தில் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவனே பார்த்துவிட்டான், அதுதான் கொடுமை. நம் சங்கத்துக்காரர்கள் காரில் எப்போதும் ஒரு பொன்னாடை இருக்கும். யாரோ ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். குலசேகரன் அதை விரித்துச் சம்பந்தியின் தோளில் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தான்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் முன் வரிசை நாற்காலியில் நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது. காத்தான் கரைக்குப் போய், எட்டாவது படகைத் தண்ணீரில் இறக்கி, தனியாகத் துடுப்புப் போட்டு, முகத்துவாரத்தைத் தாண்டிப் போனதைச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்தார்கள். கையசைத்ததாகவும் அவரும் கையசைத்ததாகவும் சொன்னார்கள். கமிட்டி புதுப் படகுக்கு ஆர்டர் கொடுத்தது.

சதுக்கத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. தமயந்தி முன் இருக்கையில் ஏறி, பொன்னாடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நிதினையும் அவன் வீட்டாரையும் அவர்கள் காரில் ஏற்றிவிட்டு எழிலி வந்து பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் ஒருத்திதான் கைதட்டவில்லை.

“அப்பா” என்றாள். “கத்துனீங்களே, அது உங்க குரல் மாதிரியே இல்ல. அவரு பேசற மாதிரி இருந்துச்சு. அவரு உங்களுக்கு யாரு?”

அறவாழி சுற்றுமுற்றும் பார்த்தான். இரண்டு கார் தள்ளிக் குலசேகரனின் கார் இன்னும் கிளம்பாமல் நின்றது. அவன் நாலு கண்ணாடியையும் மேலே ஏற்றினான். ஒவ்வொன்றும் முழுக்க மூடியதா என்று பார்த்தான். அப்புறம்தான் சொன்னான்.